இரண்டு கோட்டு இளம்பச்சை

மார்ச் 3, செவ்வாய்

இன்று பால் பாக்கெட்டைப் படித்தேன். 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.' இத்தனை வருஷமாக அதில் இப்படி எழுதியிருக்கிறது! பால், பஸ், மருந்துக் கடை எல்லாம் என்னிடம் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. நான்தான் மரியாதை இல்லாமல் கடந்து போயிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் போன் செய்தாள். அடுத்த வாரம் ஞாயிறு என் மனைவியை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். "அம்மாகிட்ட பேசுங்கப்பா" என்று அவள் காதில் போனை வைத்தாள்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல் பெட்டியையே எடுத்த பிறகு நாங்கள் இப்படித்தான் பேசுகிறோம். நான் கேட்பேன், அவள் போனை நகத்தால் தட்டுவாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. "என்னத் தேடுதா?" என்றேன். இரண்டு தட்டு. கொழுப்பு குறையவில்லை.

மற்றதையெல்லாம் சிலேட்டில் எழுதுகிறாள், மகள் படித்துச் சொல்கிறாள். கொண்டுவந்து விட்டதும் மகள் வேலைக்குத் திரும்பிவிடுவாள். அப்புறம் யார் படிப்பது? எனக்கு எழுத்தே தெரியாதே. அதற்காகத்தான் போன மாதமே கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் அ, ஆ என்று உட்கார்ந்தேன். இந்த டைரியும் அவர் கொடுத்த வீட்டுப்பாடம்தான். மனைவிக்கு இது எதுவும் தெரியாது. வருகிற அன்றைக்குத் தெரியட்டும்.

மார்ச் 7, சனி

அவள் வரும் நாள் விருந்துக்குக் கூடிப் பேசினோம். தையல்காரம்மா, எதிர்வீட்டு பஸ் டிரைவர், நான். பலூன், கேக், டிரைவரின் மௌத் ஆர்கன். ஒரே ஒரு சட்டம் நான் போட்டேன்: அழுத முகத்தோடு வருகிறவர்களுக்கு கேக் கிடையாது.

"அண்ணே, எனக்குப் பிறந்ததுலேருந்தே இந்த மூஞ்சிதான்" என்றார் டிரைவர்.

"அப்ப நீங்க வாசிச்சுட்டுக் கிளம்பிடுங்க" என்றார் தையல்காரம்மா.

மார்ச் 10, செவ்வாய்

முன்னறை முழுக்க இளம்பச்சை. இரண்டு கோட்டு பெயிண்ட். அவளுக்குப் பிடித்த நிறம்.

காலமெல்லாம் சுவருக்கு வண்ணம் அடித்தவன் நான். எழுத்து எழுத வேறு ஆள் வருவார். ஏணியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். இன்று நான் இறங்கவில்லை. சின்ன பிரஷ்ஷை எடுத்து, என் சுவரில், என் கையால், 'நல்வரவு' என்று எழுதினேன். எழுதிவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லாத சுவர், வாய் திறந்து கூப்பிடுகிறது! இது எப்படி நடக்கிறது? யாருக்காவது தெரியுமா? தெரிந்தவர்கள் எல்லாரும் எப்படி இவ்வளவு சாதாரணமாக நடமாடுகிறார்கள்?

மார்ச் 12, வியாழன்

பயமாக இருக்கிறது. டிரைவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார், என்னால் படிக்க முடியவில்லை. அச்சு எழுத்து வருகிறது, தையல்காரம்மா எழுத்தும் வருகிறது. டிரைவர் எழுத்து சடன் பிரேக் போட்ட மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. 'சாயங்காலம் வாங்க' என்று படித்தேன். 'சாவி எங்கே' என்று எழுதியிருந்தாராம்.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. "பாதி படிச்சிட்டு மீதிய ஊகிக்கிறீங்க ஐயா. நாளைக்கு அவங்க ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு நினைச்சுக்குவீங்க."

அவள் கையெழுத்து எப்படி இருக்கும்? இத்தனை காலம் கூட வாழ்ந்தும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எனக்குக் கோடுதான்.

மார்ச் 14, சனி

முட்டாள். நான் ஒரு முட்டாள்.

பெருமை தாங்காமல் மகளிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன். "அப்பா, அம்மா இப்போ கழுத்து ஓட்டை வழியாத்தான் மூச்சு விடுறாங்க. பெயிண்ட் நெடி நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

எனக்கு நெடியே தெரியவில்லையே! பெயிண்டருக்கு மூக்கு எப்போதோ செத்துப்போச்சு. இருமலோடு வந்து நின்ற டிரைவருக்குக்கூட சளி என்றுதான் நினைத்தேன்.

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நெடி போற வரைக்கும் ரெண்டு பேரும் எங்க வீட்டுல தங்குங்க. விருந்து கீழே வண்டி நிறுத்துற இடத்துல. சுவர் வராது, சரி. துணி வரும்." நீளமான கறுப்புத் துணி ஒன்றை வெட்டி, தைப்பதற்குக் கோடு போடும் சாக்கட்டியைக் கையில் கொடுத்தார்.

'நல்வரவு' என்று மறுபடி எழுத மனம் வரவில்லை. மனைவி வேலை முடிந்து வரும்போதெல்லாம் நான் கேட்பதையே எழுதினேன்: 'வந்துட்டியா?' அவளும் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள்: "இல்ல, வழியில இருக்கேன்."

மார்ச் 15, ஞாயிறு

வந்தாள். மெலிந்துவிட்டாள். கழுத்தில் வெள்ளைத் துணி. ஸ்கூட்டர்களுக்கு நடுவே பலூன், கேக், எல்லாரும் பல் தெரிய நிற்கிறோம். டிரைவர்தான் முதலில் அழுதார், அதனால் மௌத் ஆர்கன் பாதியில் நின்றது.

அவள் கறுப்புத் துணியில் இருந்ததைப் படித்தாள். மகளைப் பார்த்தாள். மகள் என்னைக் காட்டினாள். தையல்காரம்மா என்னைக் காட்டினார். அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, என் எழுத்துக்குக் கீழே எழுதினாள். மகள் படிக்க வாயெடுத்தாள். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

'இல்ல, வழியில இருக்கேன்.' அதுதான் என்று என் வாய் தயாராக இருந்தது. ஆனால் முதல் எழுத்து 'இ' இல்லை. கா. கா... து... ல. காதுல. அடுத்தது பெ. அவள் எழுத்து சாய்ந்து, அவள் நடக்கிற மாதிரியே அவசரமாகப் போகிறது. யாரும் உதவவில்லை.

"காதுல பெயிண்ட். எத்தனை கோட்டு அடிச்சீங்க?"

படித்து முடித்த பிறகுதான் கேட்டேன். ஆமாம், கேட்டேன். காதால் இல்லை, ஆனால் அவள் குரல்தான், அதே கேலிதான். போய்விட்டது என்று டாக்டர் சொன்ன குரல், கறுப்புத் துணியில் வெள்ளையாக நின்றது.

"ரெண்டு" என்றேன்.

என் காதைத் துடைத்துவிட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் சண்டை. கேக் மீதியை நான் எறும்புக்கு விட்டுவிட்டேனாம். அவள் எழுத நேரமாகிறது, நான் படிக்க அதைவிட நேரமாகிறது. 'பொறுப்பு' என்ற சொல்லில் வேறு நான் மாட்டிக்கொண்டேன். மதியம் வரைக்கும் போனது. இவ்வளவு நல்ல சண்டையை நாங்கள் போட்டதே இல்லை.