பச்சையம்மா போன பிறகு

1926 ஜனவரி 17, ஆம்பூர்
ஞானஸ்நானத்துக்கு முன் நான் நடத்தும் ஞானோபதேச வகுப்புக்கு இன்று பதினோரு பெண்கள் வந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நாளெல்லாம் தோல் பதனிடுகிற ஷாப்பில் நின்றவர்களைச் சாயங்காலம் உட்காரவைத்து ஆதாம் ஏவாள் என்றால் யார்தான் விழித்திருப்பார்கள்? நானே இரண்டு கொட்டாவி விட்டேன்.

தூங்காதவர்கள் கெங்கம்மாவும் அவள் தங்கை பச்சையம்மாவும்தான். வாஹித் பாஷா சாயபு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கும் தனகோட்டிக்கு இருவரும் பெண்சாதிகள். கெங்கம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவளே தங்கையைக் கூட்டிவந்து புருஷனுக்குக் கட்டிவைத்தாள். பச்சையம்மா பெற்ற பையனுக்கு இருவருமே அம்மா. எவள் இடுப்பு காலியோ அதில் ஏறிக்கொள்கிறான்.

வருகிற ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்க வேண்டுமாம். இரண்டு பெண்சாதிக்காரனைச் சபை அப்படியே சேர்க்காது, இளையவளை விலக்கிவிட்டுத்தான் வரவேண்டும். அது கெங்கம்மாவுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். தங்கையைத் தாலியறுத்தவள், தன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறாளாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போதகர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 3
பச்சையம்மா ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளையும் நாற்று நடும் மெட்டில் போட்டுப் பாடுகிறாள். நான் ஓரிடத்தில் தடுமாறினேன், எடுத்துக் கொடுத்தாள். இருக்கட்டும், திமிர் பிடித்தவள். இப்படி ஒருத்தி வகுப்பில் இருந்தால் சம்பளமே வேண்டாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 21
பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. இன்றைய பாடம் அதுதான்.

ஒரு குடும்பம் பிரியாமல் இருக்கவேண்டும் என்று சொல்கிற பொய்யும் பாவமா என்று பச்சையம்மா கேட்டாள். கெங்கம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பத்துப் பேர் நடுவில் நான் வேறு என்ன சொல்வேன்? பாவம்தான் என்றேன். புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்தாள்.

சொல்லாமல் மழுப்பியிருக்கலாமோ? தெரியவில்லை.

மார்ச் 14
பரீட்சை. போதகர் தேவானந்தம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கெங்கம்மா விசுவாசப் பிரமாணத்தில் பாதியை விழுங்கிவிட்டாள், போகட்டும் என்று விட்டுவிட்டார். பச்சையம்மா ஒரு சொல் பிசகவில்லை. இது யார் சொல்லிக் கொடுத்தது என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு பேர் பதிகிறபோது, விதவைதானே அம்மா என்று சாதாரணமாகக் கேட்டார். கெங்கம்மா முந்திக்கொண்டு ஆமாம் என்றாள். பச்சையம்மா அக்காளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்க ஐயா. அக்கா வூட்டுக்காரருதான் எனுக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். போதகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 15
போதகரிடம் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்றால் அழுகை. உண்மை பேசினதற்கா இந்தத் தண்டனை என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இதே சபையில் இரண்டு குடும்பம் இப்படிப் பிரிந்துதான் உள்ளே வந்தது, இவளை மட்டும் அப்படியே சேர்த்தால் அந்த இரண்டு பெண்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். அவருக்கும் தூக்கமில்லை போல, கண் சிவந்திருந்தது. என்னால் அவர்மேல் ஆத்திரப்படக்கூட முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இளையவள் விலகிப்போனால் தனகோட்டிக்கும் கெங்கம்மாவுக்கும் பையனுக்கும் ஈஸ்டருக்கே ஞானஸ்நானம். இளையவளுக்குத் தனியாகப் பிறகு பார்க்கலாமாம். தனகோட்டி வாசலிலேயே நின்றான். சுண்ணாம்பு தின்ற கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

கெங்கம்மாதான் கத்தினாள். "நான் பெரியவ, நான் போறேன். பெத்தவ இருக்கட்டும்." முதல் தாரம்தான் தாரம், அப்படி மாற்ற முடியாது என்று நான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். என் வாயால், நானே!

மார்ச் 27
பச்சையம்மாவைக் காணவில்லை. பையனைத் தூக்கத்தோடு தூக்கமாக அக்காள் பக்கத்தில் கிடத்திவிட்டு விடியலில் போய்விட்டாள். மாற்றுப்புடவை ஒன்றுதான் எடுத்துப் போயிருக்கிறாள். தாய்வீட்டிலும் இல்லை. பாலாற்றைக்கூடப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள்.

ஆண்டவரே, அவளை எங்கே வைத்திருக்கிறீர்?

ஏப்ரல் 4, ஈஸ்டர்
எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

தனகோட்டி, கெங்கம்மா, பையன் மூவரும் வெளுத்த துணி உடுத்தி முன்வரிசையில் இருந்தார்கள். போதகர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கெங்கம்மா பையனோடு எழுந்தாள். தண்ணீர்த் தொட்டிவரைக்கும் போனாள். நின்றாள்.

"என் தங்கச்சிய வெளியே தள்ளிட்டு எனுக்கு இன்னாத்துக்குய்யா மோட்சம்?"

கூச்சல் போடவில்லை. யாரையும் திட்டவில்லை. திரும்பி நடந்துவிட்டாள். தனகோட்டியும் பின்னாலேயே போனான். மற்ற எட்டுப் பேருக்கும் ஞானஸ்நானம் நடந்தது. நான் பாட்டு நடத்தினேன். என்ன பாட்டென்று இப்போது நினைவில்லை.

ஜூன் 20
பச்சையம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. புது வகுப்பு ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே வீட்டு நிலவரம் கேட்கச் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 8
ஷாப்புக்கு ஆவாரம்பட்டை கொண்டுவரும் வண்டிக்காரர் அமீர் பாஷா, காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் பச்சையம்மாவைப் பார்த்தாராம். தங்கள் அம்மாவுக்குத் தூரத்து மாமன் ஒருத்தர் அங்கே உண்டு என்று கெங்கம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மூச்சிரைக்க ஓடிவந்தாள். "நான் போனா பயந்துக்குனு வேற ஊருக்குப் பூடுவா. நீ கூப்ட்டா வருவா டீச்சரம்மா." எனக்கு அத்தனை மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறதா? போகிறேன்.

ஆகஸ்ட் 12
வாலாஜா ரோடு வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. வழியெல்லாம் அவளிடம் பேசவேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். வாடி, உன் அக்காள் ஞானஸ்நானம் வேண்டாம் என்று உனக்காகத் திரும்பிவிட்டாள், பையன் ஏங்கிப்போயிருக்கிறான், கிளம்பு.

ஏரிக்கரையை ஒட்டின குடிசை. என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். கழுத்தில் புதுத் தாலி. மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை.

வைகாசியில் மாமன் கட்டிக் கொடுத்துவிட்டாராம். பெண்சாதி செத்தவன், மூன்று பிள்ளைகள். அடிக்கமாட்டான், நல்ல மனுஷன் என்றாள். கடைசிக் குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அவளுக்கே மசக்கை, பேச்சுக்கு நடுவில் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு கேட்டாள், அக்கா முழுக்கு வாங்கிட்டாளா என்று.

நான் என்ன சொல்ல? நிஜத்தைச் சொன்னால் இந்தக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு என்னோடு வரமுடியுமா? வயிற்றில் இருப்பதை எங்கே விடுவாள்? பெற்ற பிள்ளையை விட்டுவந்தது வீணாய்ப் போனதென்று தெரிந்துகொண்டு இங்கே எப்படிக் காலம் தள்ளுவாள்?

வாங்கினாள் என்றேன். மூவரும் வாங்கினார்கள், ஈஸ்டர் அன்று. அவள் என் முகத்தைக்கூட உற்றுப் பார்க்கவில்லை, நம்பிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அது போதும் டீச்சரம்மா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பையனுக்கு முழுக்குல இன்னா பேரு வெச்சாங்க?"

அதற்கு நான் தயாராகப் போகவில்லை. கிருபானந்தம் என்றேன். எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்திருந்தால் வைக்க நினைத்திருந்த பேர், அதுதான் வாயில் வந்தது.

நல்ல பேரு என்றாள். வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.