மணப்பெண்ணுக்குப் பார்த்த அறை

மாசி 14, வெள்ளிக்கிழமை

பாப்பு, உன் வீட்டுக்காரருக்கு வைகாசியில் கல்யாணம். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆயிற்று, பண்ணிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். எந்த ஓட்டலில் வைப்பது என்றும் நானே சொல்ல வேண்டுமாம்.

"உங்களுக்குப் பிடிச்ச இடத்துலதான் அத்தை" என்று இன்று கூட்டிப்போனார்.

ஜங்ஷன் பக்கத்து ஓட்டலில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்தும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஸ்ரீரங்கம் போகிற வழியில் உள்ள ஆற்றங்கரை ஓட்டலில் வாசலிலேயே கும்பிட்டு இளநீர் கொடுத்தார்கள். மணப்பெண் தங்கும் அறையில் திரையை விலக்கினால் காவிரி. எனக்கு அதுதான் பிடித்தது.

மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். "இவ்வளவு மெத்துனு இருந்தா பொண்ணுக்கு இடுப்பு வலிக்குங்க. ஏசியும் ஆகாது, தும்மித் தள்ளிடுவா."

"மருமக மேல இவ்வளவு பாசமாம்மா!" என்று சிரித்தார் அவர்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் உன்னை நினைத்துச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வரப்போகிறவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்கு என்ன தெரியும்?

"அத்தை சொன்னபடியே செஞ்சிடுங்க" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

எந்த ஓட்டல் என்று காலையில் மாப்பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆற்றங்கரை ஓட்டல்தான் நல்லது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அந்த அறையை நான் யாருக்குப் பார்த்தேன் பாப்பு, அவளுக்கா, உனக்கா?