நடுவில் போகும் ஒயர்

வெகுநாள் யோசனைக்குப் பிறகு, வேனில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பை மாற்றிவிடுவது என்ற முடிவுக்கு வந்தேன். வீட்டில் அறிவித்தேன். யாரும் எதிர்க்கவில்லை. விரிப்பைத் தூக்கியதும் முதலில் வந்தது உன் மூக்குப்பொடி வாசனை. அடுத்து கண்ணில் பட்டது ஒரு சுவிட்சு.

நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருடம் திரும்பவில்லை, சிநேகிதா. அதற்குள் உன்னிடம் கேட்க இப்படி ஒரு கேள்வி.

பாகலூரில் ஷெட் பிடித்து, பள்ளிக்கூடத்தார் கழித்துவிட்ட வேனை நாம் வீடாக்கினோம். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு படுக்கைகள், சின்னக் குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார், இவற்றுக்கென்று தனி பேட்டரி. தச்சு வேலை என்னுடையது, ஒயரிங் உன்னுடையது. தொழிற்சாலையில் இருவருக்கும் ஓய்வு கிடைத்த கையோடு தனுஷ்கோடி போய், கடலைப் பார்த்தபடி வண்டியிலேயே படுத்து எழ வேண்டும் என்பது திட்டம். எனக்கு அதற்கு மேல் ஆசை கிடையாது.

முதல் பயணம் காவேரிப்பட்டினம் வரை. எல்லாப் பயணத்திலும் ஓட்டியது நீதான். விளக்கு, மோட்டார், குளிர்பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. எஞ்சின் மட்டும் ஓடியது. திரும்பி வருவதற்கு அது போதும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் விளக்கு எரிந்தது. "பாத்தியா, சூடு தணிஞ்சதும் சரியாயிடுச்சு" என்றாய்.

அடுத்த முறை பேட்டரியை மாற்றினேன். பர்கூர் பக்கம் போய்த் திரும்பினோம். அதற்கடுத்து பியூஸ் பெட்டி. பிறகு எர்த் கம்பி. ஒருமுறை நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி மீட்டரை வைத்து அளந்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். பியூஸ் பெட்டியில் ஒன்றுமில்லை.

"நடுவுல எங்கியோ அறுந்திருக்குப்பா" என்றேன்.

"நடுவுல போறது நான் இழுத்த ஒயரு. அதயே சந்தேகப்படுறியா?"

"சேச்சே, உன் ஒயர யாருப்பா சொன்னா?"

"பாத்து வெளிய வா. சைலன்சர் சூடா இருக்கும்."

நான் சுட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் உனக்கு உண்மையான அக்கறை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒயரை மட்டும் நான் அளக்கவே இல்லை. சிநேகிதன் இழுத்த ஒயரில் மீட்டர் வைப்பது மரியாதை இல்லை என்று நினைக்கும் ஊர்க்காரன் நான்.

விரிப்புக்கு அடியில் இருந்த சுவிட்சு அந்த ஒயரின் நடுவில்தான் இருந்தது; காலால் தட்டினால் மின்சாரம் நின்றுவிடும். அதைப் பார்த்த அன்று மாலையே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவருக்கு வெளியூர்ல தூக்கம் வராதுண்ணா. தூங்குனாலும் கத்திக்கினு எழுந்துக்குவாரு. உங்க முன்னாடி அப்படி ஆயிடுமோன்னு பயம். வரலன்னு உங்க மூஞ்சியப் பாத்து சொல்லவும் முடியல."

"சுவிட்சு இருக்கறது உனக்குத் தெரியுமாம்மா?"

"பசங்களுக்கும் தெரியும்ண்ணா."

'வரல' என்ற ஒரு சொல்லை மிச்சம் பிடிக்க நீ ஒரு சுவிட்சையும் தடித்த செம்புக் கம்பியையும் செலவழித்திருக்கிறாய். வேலை சுத்தம். ஒயர் எங்கும் வெளியே தெரியவில்லை. நீ கத்தியிருந்தால் என்ன, விளக்கைப் போட்டுத் தண்ணீர் கொடுத்திருப்பேன். அதற்குத்தானே தனி பேட்டரி வைத்தோம்?

உன்னிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. மகள் புது வீட்டுக்கு ஒயரிங் முடிந்தது, செய்தவர் நம்பிக்கையான ஆள் என்றாள். மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்தேன். குளிர்பெட்டி விடிய விடிய ஓடியது. அடுத்த வாரம் வேனைத் தளியில் பூ விவசாயி ஒருவருக்கு விற்றேன். அவர் படுக்கைகளைக் கழற்றிவிட்டு, பெங்களூருக்கு ரோஜா ஏற்றிக்கொண்டிருக்கிறார்.