சிவப்பாகத் தெரிந்த ஏரி

மார்ச் 3, செவ்வாய்

இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபீஸ் ஃபேன் மூன்று நாளாக ஓடவில்லை. பெங்களூரிலிருந்து செயற்கைக்கோள் படம் வந்தாயிற்று. ஜனவரியில் எடுத்ததாம். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் ஒரே காகிதத்தில். தென்பெண்ணை ஒரு நூல். இரண்டு பக்கமும் ஏரிகள், மிளகைக் கொட்டின மாதிரி. ஊர்ப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

என் வேலை: மேலே டிரேசிங் தாள் விரித்து ஏரிகளை வரைவது. இந்தப் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், காய்ந்த ஏரி வெள்ளையாக, பயிர் சிவப்பாக. சிவப்பை விட்டுவிட வேண்டும். நான் வரைகிற ஏரிகளுக்குத்தான் ஆற்று வாய்க்காலைத் தூர் வாரப் போகிறார்கள். எங்கள் இன்ஜினீயர், ஏ.இ. சார், வந்து எட்டிப் பார்த்தார். "பாத்துப் போடும்மா. நீ விட்டா விட்டதுதான்."

டெய்லரிடம் ரவிக்கை. நாளைக்காவது வாங்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

முடிந்தது. கண் எரிச்சல். சார் "பிரமாதம்" என்றார். என்னை நிரந்தரம் செய்யச் சொல்லி எழுதுகிறாராம். ஆறு வருடமாகத் தற்காலிகம். பஸ் ஸ்டாண்டில் ஜிலேபி. தனியாகத்தான்.

ஏப்ரல் 6, திங்கள்

தூர் வாரப் போகிற ஏரிகளின் பட்டியல் டைப் ஆகி வந்தது. எங்கள் ஊர் ஏரி இல்லை. நான்கு தடவை பார்த்தேன். பக்கத்து ஊர்கள் எல்லாம் இருக்கின்றன.

படத்தை எடுத்து விரித்தேன். ஆற்றோடு விரலை நகர்த்திக்கொண்டே போனேன். காவேரிப்பட்டினம் தாண்டி, வளைவு தாண்டி, அதோ. சிவப்பு. பிறை மாதிரி, நல்ல அடர் சிவப்பு.

ஆறு சரியாக வராத வருடம் ஏரி பாதிகூட நிரம்பாது. வடிந்ததும், ஈரம் காய்வதற்குள் ஊரே சேர்ந்து ஏரிக்குள் கேழ்வரகு விதைக்கும். முதல் ஏர் அப்பாவுடையது. பொங்கலுக்குப் போனபோது கரைமேல் நின்று பார்த்தவள்தானே நான். முழங்கால் உயரம் நின்றது. அதைத்தான் படத்தில் யாருடைய கொல்லைப் பயிரோ என்று தள்ளியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிட்டேன். முகம் மாறிவிட்டது. கதவைச் சாத்தினார்.

"பட்டியல் மெட்ராஸ் போயிடுச்சு. ஊர்க்காரங்க இருபதாம் தேதிக்குள்ள கலெக்டர்கிட்ட மனு கொடுத்தா சேர்க்க வழி இருக்கு. ஆனா விசாரணை வரும். யார் வரைஞ்சதுன்னு கேப்பாங்க. நீ தற்காலிகம். வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மனு வந்தே தீரும், எங்கள் ஊரை எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். வர வேண்டும் என்றும் இருந்தது. வரக்கூடாது என்றும் இருந்தது.

ஏப்ரல் 15, புதன்

மதியம் அப்பா என் அறைக்கே வந்துவிட்டார். பையில் ஒரு வெள்ளைத் தாள், அடியில் ஊரே வைத்த கைநாட்டும் கையெழுத்தும். மேலே மனுவை எழுத வேண்டியது நான்.

"உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். நீயே எழுது கண்ணு. தாத்தா காலத்து ஏரி, ஆறு வந்தா நெரம்பி வழிஞ்சு கோடி போற ஏரி, அதப் போய் இல்லேன்னுட்டானுங்க. கண்ணு தெரியாத எவனோ பண்ண வேல. அவன சும்மா வுடக்கூடாதுன்னு போடு."

"தவறு செய்தவர் மீது" வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. படத்தில் ஏரியை விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. பிறகு கேட்டார்: "உன் வேல போயிடுமா?"

"போயிடும்பா. போனா போவட்டும். நீ குடு."

மீதியை எழுதி முடித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட வருகிறேன் என்றேன். கலெக்டர் ஆபீசுக்குப் போகிற தர்மபுரி பஸ் தனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஏப்ரல் 24, வெள்ளி

கெரசின் கிடைக்கவில்லை. தம்பி கடிதம்.

மனுவை பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக அப்பா ஊர்க்கூட்டத்தில் சொன்னாராம். தேதி தாண்டிய பிறகுதான் சொன்னாராம். கம்பெனிக்கு நிலம் பார்த்து அலையும் ஓசூர் ஆட்களிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று பேச்சு. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள். தம்பியும் திட்டித்தான் எழுதியிருக்கிறான்: "இந்த வயசுல இவ்ளோ அசட்டையா இருப்பாரா ஒரு மனுசன்?"

தொலைக்கவில்லை. எனக்குத் தெரியும். மூக்குப்பொடி டப்பாவைக்கூட ஒரு நாளும் தொலைத்தவர் இல்லை.

அழுதேன். ஆபீசுக்கு அரை நாள் லீவு.

ஏப்ரல் 29, புதன்

நிரந்தர உத்தரவு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஜெராக்ஸ் இரண்டு.

மே 3, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். ஏரியில் கேழ்வரகுத் தாளும் இல்லை, வெடித்த மண்தான். உத்தரவு வந்ததைச் சொன்னேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஊரில் வேறு யாரிடமும் அவரால் சொல்ல முடியவில்லை. கேட்க ஆள் இல்லை.

எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

திரும்பும்போது அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். ஏரி மடை திறக்கும் முனியப்பன் மாமா அங்கே நின்றிருந்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார்.

"பாப்பா, நீ அந்த ஆபீஸ்லயே இருக்கறவ. உங்கிட்டக் குடுத்திருந்தா ஏரி பொழச்சிருக்கும். இந்தாளு கையில குடுத்தோம் பாரு, எங்களச் சொல்லணும். நீயாவது உங்கப்பன ஒரு வார்த்த கேளு."

"மாமா," என்றேன்.

அப்பா குறுக்கே வந்துவிட்டார். "நேரமாவுது கண்ணு. பஸ்ஸு நிக்குது பாரு, ஏறு."

ஏறி உட்கார்ந்துவிட்டேன்.