டிக்கியில் இருக்கும் இரண்டு கார்புரேட்டர்கள்

என் கையில் இன்னும் பெட்ரோல் வாடை போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, எலுமிச்சைத் தோல், எல்லாம் தேய்த்தாயிற்று. மதியச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். வாடை உன் காருடையது. கோபமும் உன் காரால் வந்ததுதான். அதில் பாதி உன் அண்ணன் மேல், மீதி உன் மேல். நீ இப்போது இல்லை என்பதற்காக உன் பங்கைத் தள்ளுபடி செய்யப் போவதில்லை.

காலையில் உன் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சிட கார் ஸ்ராட் வருதில்ல. மெக்கானிக் ஒராளைக் கூப்பிட்டுக் காட்டினனான். இந்த வீட்டில செய்த சாமான் எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் பழைய காபரேற்றர் ரெண்டையுமே பூட்டச் சொல்றார். அதுகளைப் போட்டுவைச்ச பெட்டி எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பெட்டி கராஜ் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தெரியாது என்றேன். நான் வரும்வரை எதிலும் கை வைக்க வேண்டாம் என்றேன். மல்கிரேவ் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் எனக்குள் ஓடியது அந்த ஒரு வார்த்தைதான். வீட்டில் செய்த சாமானாம்.

நாம் முதலில் சந்தித்தது கேரம் டவுன்ஸ் கோயில் கார் பார்க்கில். உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு, நம் வயதுதான் அதற்கும் இருக்கும். குளிரில் கிளம்பாமல் நின்றது. சுற்றி ஆறேழு ஆண்கள், ஆளுக்கொரு யோசனை. நான் பேசாமல் பேட்டரி கேபிளை நீட்டினேன். "புத்தி சொல்லாமல் வந்த முதல் ஆள் நீர்தான்" என்றாய். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு உன் வாயில் 'நீர்'தான்.

நைட் ஷிஃப்ட் முடித்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தாலும் இதே கதை. கார்புரேட்டர் காற்றின் இழுப்பில் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கிற பழைய காலத்துச் சாமான். ஜூலைதான் இங்கே நடுக் குளிர்காலம்; அந்தக் குளிரில் அதற்கு மனம் வராது. நர்ஸ் யூனிஃபார்மோடு நீ பானெட்டைத் திறந்தால் போதும், வித்துவிடு, ஒரு பெண்ணுக்கு இந்தக் கார் எதற்கு என்று யாராவது வந்துவிடுவார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னாய், "கார் குளிருறது பரவாயில்லை. இவையள்ட புத்திமதிதான் தாங்கேலாமல் கிடக்கு. காபரேற்றரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இன்ஜெக்சனுக்கு மாத்துவம். நீர் புரோகிராம் எழுதும். நேர்சுக்கு டோஸ் பாக்கத் தெரியாதோ?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நீ குடியிருந்த சின்ன யூனிட் வீட்டில் கராஜ் இல்லை. டான்டினோங்கில் உன் அண்ணன் வீட்டில் இருந்தது. விபத்தில் அடிபட்ட மோட்டார் பைக்கிலிருந்து, பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் வாங்கினோம். நீ யூடியூப் பார்த்து, விரல் சுட்டு, சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைச் சாலிடர் வைத்தாய். என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று அந்தப் போர்டு முடிவு செய்ய நான் புரோகிராம் எழுதினேன்.

உயிரை எடுத்தது குளிர்ந்த என்ஜினைக் கிளப்புகிற கட்டம்தான். ஒருமுறை ஓடிச் சூடாகிவிட்டால் மறுபடி முழுதாகக் குளிர மறுநாள் காலை ஆகும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு முயற்சி. என் குணம் உனக்குத் தெரியும். பொறுமை இல்லாமல் மூன்று எண்களை ஒரே நேரத்தில் மாற்றுவேன். லேப்டாப்பை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொள்வாய். "மூண்டு மருந்தை ஒரேயடியாக் குடுத்தா எது வேலை செய்ததெண்டு எப்பிடித் தெரியும்? கொஞ்சம் கூட்டும். பொறும். பாரும்."

இரண்டு குளிர்காலம் பார்த்தோம். அத்தனை காலமும் உன் அண்ணன் செய்தது கராஜ் கதவைத் திறந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, ஒருநாள் டார்ச்சும் பிடித்தார். அதையும் கீழே போட்டுப் பெயிண்டில் கீறல் விழ வைத்தார்.

கண்ணாடியில் பனி உறைந்திருந்த ஒரு காலை, சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. நீ கத்தவில்லை, குதிக்கவில்லை. நோயாளியின் நெற்றியில் கை வைப்பதுபோல் பானெட்டில் கை வைத்து "ம்" என்றாய். அழுதது நான்தான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் அங்கிள்மார் உன் அண்ணனின் தோளைத் தட்டுவார்கள். "தம்பி, நல்லாச் செய்திருக்கிறீர்." அவரும் கூச்சப்படாமல், "சின்ன வேலைதான் அங்கிள்" என்பார். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அது இதுதான். நான் உன்னை முறைப்பேன். நீ ரோல்ஸ் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு சிரிப்பாய். திரும்பி வரும்போது காரில் நான் போட்ட சத்தம் கொஞ்சமா? நீ சொன்னது ஒன்றுதான். "கார் ஸ்ராட் வருதெல்லோ? காணும்." உங்கள் ஊரில் காணும் என்றால் போதும். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காமல் போனது.

பிறகு நோய் வந்தது. சில மாதங்களில் உன்னைக் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கல்வெட்டைக் கையில் கொடுத்தார்கள், இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி நீங்கள் அச்சடிக்கிற சிறு புத்தகம். 'அண்ணனின் கார் முயற்சிகளுக்குத் தேநீர் வழங்கி உற்சாகமூட்டிய அன்புத் தங்கை' என்று எழுதியிருந்தது. உனக்குத் தேநீர் போடத் தெரியாது. நீ போட்டதைக் குடித்தவள் நான், எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மேலே தேவாரமும் அச்சடித்திருந்தார்கள்.

இன்று கராஜில் உன் அண்ணனோடு அந்தக் கல்வெட்டை எழுதிய அங்கிளும் நின்றார். பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. என்ஜின் சூட்டைப் போர்டுக்குச் சொல்கிற ஒயர் கழன்று தொங்கியது. அது தொங்கினால் போர்டு என்ஜின் பனிக்கட்டிக்குள் கிடப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். கொட்டியிருந்தது.

"என்ஜினைக் கழுவினீங்களா அண்ணா?"

"ஓம். வாற ஞாயிறு ஆண்டுத் திவசமெல்லோ. மண்டபத்துக்குக் கொண்டுபோக வடிவா இருக்கட்டும் எண்டு."

நீயாக இருந்தால் பேசாமல் ஒயரைச் செருகிவிட்டுப் போயிருப்பாய். நான் நீ இல்லை. "இந்த ஒயர் எதுக்குன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நானே பழைய கார்புரேட்டரை மாட்டித் தர்றேன்" என்றேன்.

அவர் ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, நீர் செய்ததுதானே?" என்றார் அங்கிள்.

"நான் செய்யேல்ல அங்கிள். தங்கச்சிதான் செய்தவ. இவவும் சேந்து. நான் கதவு திறந்துவிட்டனான்." அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவ. 'நான் செய்ததெண்டால் ஊர் முழுக்கக் கராஜுக்குள்ள வந்து நிண்டு புத்தி சொல்லும், நீங்கள் செய்ததெண்டு சொல்லுங்கோ அண்ணா' எண்டு. அவ இருக்கேக்க அது எங்களுக்குப் பகிடி. பிறகு எப்பிடி மாத்திறதெண்டு தெரியேல்ல."

பகிடி என்றால் வேடிக்கை. இத்தனை வருடம் நான் வயிறெரிந்தது உங்கள் இரண்டு பேருக்கும் பகிடியா? உன் வேலையை நீ மறைத்தாய், அது உன் இஷ்டம். என் வேலையையும் சேர்த்து ஏன் மறைத்தாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? சொன்னால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அந்தக் கணக்கில்கூட நீ தவறவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஒயரைச் செருகினேன். நனைந்த பிளக்குகளைத் துடைத்து மாட்டினேன். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் போர்டு பெட்ரோலை நிறுத்தும்; அப்படி மிதித்துச் சாவியைத் திருப்பினேன். கார் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, கிளம்பியது. உன் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

அங்கிள் காரைச் சுற்றி வந்தார். தொண்டையைச் செருமினார். "சத்தம் பரவாயில்லை, பிள்ளை. ஆனா நான் சொல்றன், பெற்றோலைக் கொஞ்சம் குறைச்சு விட்டீரெண்டால்..."

உண்மை தெரிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உன் அண்ணன் விரல்களுக்கு நடுவே என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடேயே சிரித்தேன்.

கார்புரேட்டர் பெட்டியை இப்போது என் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி யாரும் அதைத் தேட வேண்டாம். திவசத்தன்று உன் அண்ணன் மைக்கில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அங்கிளிடம் கல்வெட்டைத் திருத்தி அடிக்கச் சொல்லியிருக்கிறேன், என் பெயரையும் சேர்த்து. காரை மண்டபத்துக்கு ஓட்டி வரப்போவது நான். புத்தி சொல்கிறவர்கள் வரிசையில் வரட்டும், நான் கொஞ்சம் பொறுப்பேன், பார்ப்பேன், பிறகு பதில் சொல்வேன். பொறுமை நீ கொடுத்தது, பதில் என்னுடையது.

கார் ஸ்டார்ட் ஆயிற்று. உனக்கு அது காணும். எனக்குக் காணாது.