ரெண்டு தடவை ஏலம் போன கிட்டார்

தூத்துக்குடி,
12-11-1974

அன்பு மகள் கிரேசிக்கு அம்மா எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உங்கப்பாவுடைய மூட்டுவலி நீங்கலாக எல்லாரும் நல்ல சுகம், பிலாயில் நீயும் உன்கூட இருக்கிற நர்ஸ் பிள்ளைகளும் அப்படியே இருக்கணும்னு தினமும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அங்கன குளிர் ஆரம்பிச்சிருக்கும், தலைக்குக் குளிச்ச ஈரத்தோட டூட்டிக்கு ஓடாதே. ஏளா, இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சாச்சு, எழுத உக்காந்தாலே சிரிப்பு வந்து வரி கோணிப் போகுது. உங்கப்பா வேற எட்டி எட்டிப் பாத்து என்னைப் பத்தி என்ன எழுதுதன்னு கேக்காங்க. உள்ளதைத்தான் எழுதுதேன்னு சொல்லிட்டேன்.

முதல்ல என் குற்றத்தை ஒத்துக்கிடுதேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடைக்காது, என் கிட்டாரை மட்டும் பார்சல்ல அனுப்புங்க, இங்கே புதுசு விலை கேட்டேன் தலை சுத்திட்டுன்னு நீ எழுதினியே, அதைப் படிச்சதும் எனக்கும் தலை சுத்திட்டு. ஏன்னா அதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் உன் கிட்டாரை நம்ம கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையா எழுதிக் கொடுத்திருந்தேன். அலமாரி மேலே அது சும்மா கிடக்கதைப் பாக்கும்போதெல்லாம் நீ போய் ரெண்டு வருஷமாச்சேன்னு நெஞ்சு அடைக்கும், அதான் கண்ணுல படாம தொலையட்டும்னு கொடுத்துட்டேன். உன் கடிதம் வந்த அன்னைக்கே கோயில் வேலை பாத்து ஏலமும் விடுத கோயில்பிள்ளை தேவமணி அண்ணன்கிட்ட ஓடினேன். கர்த்தருக்குன்னு நோட்டுல எழுதினதை அடிக்க முடியாதும்மா, வேணும்னா ஏலத்துல எடுத்துக்கோங்கன்னுட்டார். பழைய கிட்டார்தானே, முப்பது ரூபாய்க்கு மேல யார் கேக்கப் போறான்னு நானும் நிம்மதியா வந்துட்டேன்.

அந்த நிம்மதி சனிக்கிழமை வரைக்கும்தான். அன்னைக்கு ரோச் வந்தான், கல்யாண வீடுகள்ல கிட்டார் வாசிக்கிற பையன், மாதா கோயில் பக்கத்துக்காரன். ஏலத்துக்கு ஒரு கிட்டார் வருதாமே, ஒருதடவை பாத்துக்கிடட்டுமான்னு கேட்டான். உனக்கெதுக்குப்பா பழசுன்னு கேட்டா ஒரு பிரசங்கமே வச்சுட்டான். கல்கத்தா கிட்டார் போன வருஷம் நூத்தி எண்பதாம், இப்ப முன்னூத்திப் பத்தாம். புதுசு வாங்க நினைச்சவன் எல்லாம் பழசைத் தேடி அலையுதானாம், பழசு வச்சிருக்கவனோ வித்தா திரும்ப வாங்க முடியாதுன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கானாம். அறுபது ரூபாய்க்குச் சீந்தாத கிட்டார் இன்னைக்கு நூத்தைம்பதுன்னு சொல்லுதான். அவன் போனதும் உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லி, நீங்கதான் கேக்கணும், நூத்திப் பத்து வரைக்கும் போங்கன்னு கையில பணத்தையும் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஏலம் தொடங்கிச்சு. கோழி போச்சு, வாழைத்தார் போச்சு, ஒரு எலுமிச்சம்பழம் பதினாலு ரூபாய்க்குப் போச்சு. பிறகு கிட்டார். ரோச் பின்னால நின்னுக்கிட்டு விடாமக் கேக்கான், உங்கப்பாவும் விடலை, கடைசியில நூத்திப் பத்துக்கு அவங்க பேருக்கே முடிஞ்சுட்டு. எனக்கு உசிரே வந்தது. சனங்க கைதட்டினாங்க. அந்தக் கைதட்டுதான் கெடுத்தது. உங்கப்பா எந்திரிச்சு, வருஷா வருஷம் எலுமிச்சம்பழத்தை ஏலம் எடுத்துட்டுச் சொல்லுவாங்களே, அதே மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு, ஆண்டவருக்கே திரும்பக் கொடுக்கேன், மறு ஏலம் விடுங்கன்னுட்டாங்க. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு புரிஞ்சு, திறந்த வாய் திறந்தபடி பெஞ்சுல உக்காந்துட்டாங்க. கட்டின பணம் கர்த்தருக்கு, கிட்டாரும் கர்த்தருக்கு.

மறு ஏலத்துல ரோச் பக்கத்துல நின்னவன்கிட்ட கடன் வாங்கிக்கிட்டு நூறுல தொடங்கினான். உங்கப்பா காலிப் பையைத் தடவிக்கிட்டு இருக்காங்க. பெண்கள் பக்கத்துல இருந்து யாரும் ஏலம் கேட்டு நான் பாத்ததில்ல, ஆனா அன்னைக்கு எனக்கு வெக்கம் எங்கே போச்சோ தெரியலை, எந்திரிச்சு நூத்தி இருபதுன்னேன். கோயிலே திரும்பிப் பாத்தது. அவன் ஏத்த, நான் ஏத்த, நான் நூத்தி எண்பத்தஞ்சுன்னதும் ரோச் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, நூத்தி எண்பதுக்கு மேல சல்லிக்காசு இல்லம்மான்னு சிரிச்சுட்டான். தேவமணி அண்ணன் வழக்கப்படி, இதையும் ஆண்டவருக்கே கொடுக்கீங்களான்னு கேட்டார். ரெண்டு தடவை அவருக்குக் கொடுத்தாச்சு, இனி என் பிள்ளைக்குன்னு சொன்னேன். பாஸ்டர் ஐயர் அங்கியால முகத்தை மூடிக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. மொத்தம் இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு. புதுசை விட பதினஞ்சு ரூபா லாபம்னு உங்கப்பா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க. கிறிஸ்துமஸ் சேலைக்கு வச்ச பணம் முழுக்கப் போச்சு, போகட்டும், இருக்கிற சேலை போதும்.

நேத்து ரோச் வந்து புதுக் கம்பி மாட்டிக் கொடுத்தான், எனக்குக் கம்பியை விரலால அழுத்துத பிடி ரெண்டும் சொல்லிக் கொடுத்தான். விரல் நுனியெல்லாம் எரியுது, விடவும் மனசில்ல. இப்பவே இருநூறு தாரேன், கொடுத்துருங்கம்மான்னு போகும்போது கெஞ்சினான். மாட்டேன்னுட்டேன். ஆனா கிரேசி, உனக்கும் பார்சல் அனுப்ப மாட்டேன். கிட்டார் இல்லாம நீ இருந்துக்கிடுவ, நீ இல்லாம இன்னொரு கிறிஸ்துமஸ் என்னால முடியாதுளா. அம்மா கூப்பிட்டா லீவு இல்லங்குத, கிட்டார் கூப்பிட்டாலாவது வருவியான்னு பாக்கேன். வேணும்னா நேர்ல வந்து எடுத்துக்கோ.

லீவுக்கு இன்னைக்கே எழுதிப் போடு, பத்து நாளுக்குக் குறையக் கூடாது, ரயில் டிக்கெட்டையும் முன்னாலயே எடுத்துரு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இனி ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பயப்படுதேன், நீ ரயில் ஏறுத வரைக்கும் புது கிட்டார் விலை இறங்கிரக் கூடாதுன்னு காலையும் மாலையும் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
உன்னைப் பாக்க ஏங்கும் அம்மா,
ஜீவமணி