ஆலய முற்றத்தில் நீங்கள் சொல்லாதது

மாமா,

இன்று காலை உங்கள் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன். எத்தனை முறை துவைத்தும் ஒட்டுப்பால் நாற்றம் அதை விட்டுப் போகவில்லை. சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலின் அந்த நாற்றம் வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் காலரை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, சட்டையத் தின்னவா போற?"

சிரித்தேன். பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதுதான் வந்திருக்கிறது?

நம் வீட்டில் இரண்டு பேருமே அப்படித்தான். அம்மா இறந்த பிறகு நாம் ஒரு நாள் முழுக்கப் பேசியதை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. வேலை முடிந்து வந்ததும், "கஞ்சி குடிச்சியா மக்களே?" என்று கேட்பீர்கள். "குடிச்சேன் மாமா" என்பேன். அது போதுமாக இருந்தது. இப்போது அதைக் கேட்கவும் ஆளில்லாதபோதுதான் வீடு எவ்வளவு சத்தமில்லாதது என்று தெரிகிறது.

நீங்கள் நீளமாகப் பேசியது ஒரே ஒரு நாள். மழை பெய்துகொண்டிருந்தது. மரச்சீனிக் கிழங்கு சுட்டுக்கொண்டே நம் காணிக்குடியின் தலைவர் கதையைச் சொன்னீர்கள். தலைவரை நாம் மூட்டுக்காணி என்போம். அந்தக் காலத்தில் அவருக்குப் பிறகு அவருடைய மகன் வரமாட்டான். தங்கை மகன்தான் வருவான். எதைச் செய்வதென்றாலும் குடிசை குடிசையாகப் போய்க் கேட்டுவிட்டுத்தான் செய்வார். பிறகு வெள்ளைக்காரப் பாதிரியார் மலையேறி வந்தார். மூட்டுக்காணிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், ஒரு கறுப்புக் கோட்டும் கொடுத்தார். உனக்குப் பிறகு யார் என்று கேட்டார். தங்கை மகன் என்றதும், அது கடவுளுக்கு அடுக்காத முறை என்று சொல்லி, மகன் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"எழுதினா எழுதினதுதான் மக்களே. நமக்கு அன்னைக்கு எழுத்து தெரியாதுல்லா? கோட்டு கெடச்ச பொறவு குடிசை குடிசையா போயி கேக்கதும் நின்னுபோச்சு. கோட்டப் போட்டுட்டு எப்பிடிக் குனிஞ்சு உள்ள நொழைய?"

சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அந்தத் தங்கையின் வழியில் வந்தவர்கள்தான் நாம் என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

அந்தப் பாதிரியார் கட்டிய பள்ளியில்தான் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இந்த மடலை எழுதும் எழுத்து அங்கே வந்தது. அதனால் யார்மேல் கோபப்படுவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும், மேலே படிக்க விடுதிப் பள்ளியில் சேர சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அலுவலகத்தில் என் ஞானஸ்நானப் பெயரைப் பார்த்து, "இந்தப் பேர வச்சிக்கிட்டு காணின்னு எப்பிடி நம்ப? ஒங்க மூட்டுக்காணிகிட்ட எழுதி வாங்கிட்டு வா" என்றார்கள். மூட்டுக்காணி வேறு யார்? அந்தக் கோட்டு வாங்கியவரின் வழியில் வந்தவர்தான். ஆலயக் கமிட்டிக்கும் அவரே தலைவர். அந்த வருடம்தான் நாம் தேனெடுக்கப் போகும் பாதையைத் ரப்பர் தோட்ட முதலாளிகள் வேலி போட்டு அடைக்க, யாரிடமும் கேட்காமல் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பழைய முறையென்றால் நீங்கள்தான் தலைவர் என்று நாலு பேர் பேசத் தொடங்கியிருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் ஆலய முற்றத்தில் நின்றபோது அவர் உங்களைக் கூப்பிட்டார். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு வார்த்ததான் ஓய். தலைமைக்கு உம்ம வீட்டுக்குப் பாத்தியதை இல்லன்னு ஆளுவ முன்னால சொல்லும். பிள்ளைக்கு இப்பமே கடிதம் எழுதி ஒப்பு போட்டுத் தாறேன்."

நீங்கள் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து மடித்தீர்கள். பிரித்து மறுபடியும் மடித்தீர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினீர்கள்.

வழியில் நான் அழுதேன். "உங்களுக்கு வேண்டாத பதவிதானே மாமா. சொன்னா என்ன?"

"எனக்கு வேண்டாம் மக்களே. ஆனா அது எனக்க சாமானமில்லயே, வேண்டாம்னு சொல்ல."

எனக்குப் புரியவில்லை. என் படிப்பைவிட உங்கள் வீம்பு பெரிதாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து உங்களோடு பேசவில்லை. வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு நானும் தோட்டத்துக்கு வந்தேன், உங்களுக்கு நாலு வரிசை தள்ளி. தினமும் கஞ்சி குடித்தேனா என்று கேட்டீர்கள். நான் சட்டியை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எட்டு மாதம். காய்ச்சலில் குலசேகரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டீர்கள். "ம்" என்றேன். நாளைக்குச் சரியாகப் பேசலாம் என்று இருந்தேன்.

உங்களை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து மூட்டுக்காணி வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர். வாசலிலேயே நின்றார்.

"இனி இந்த வீட்டுல யாரு இருக்கா? பெண்ணொருத்தி. பாவம்," என்று அவர்களிடம் சொன்னார், நான் அங்கே நிற்காததுபோல. பிறகு என் பக்கம் ஒரு கவரை நீட்டினார். "பிடி மக்களே. போயி படி."

கையெழுத்தோடு, முத்திரையோடு அதே கடிதம். என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் போய்விட்டதாக அவர் நினைத்துவிட்டார். பாதிரியார் நோட்டில் தொடங்கி ஆண்களின் பெயர் மட்டும் எழுதி எழுதி, தங்கை மகன் என்றால் நடுவில் ஒரு தங்கை இருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கிறது.

அன்று அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது. அது உங்கள் சாமானம் இல்லை. உங்கள் தங்கையான என் அம்மாவுடையது. பிறகு என்னுடையது. நான் பெறுகிறவனுக்கோ, பெறாமலே போனால் ஊருக்கோ கொடுக்க வேண்டியது. எனக்குச் சேர வேண்டியதை எனக்காகக்கூட விட்டுக்கொடுக்க முடியாமல்தான் அன்று துவர்த்தை மடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அதை எனக்கு எடுத்துச் சொல்லவும் உங்களுக்கு வார்த்தை வரவில்லை. எனக்குக் கேட்கவும் வரவில்லை.

அந்த முற்றத்தில் என்னையே நிறுத்திக் கேட்டிருந்தால், பயத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன் மாமா. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்று சொல்லியிருப்பேன். இனிமேல் யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கடிதம் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதிலும் ஒட்டுப்பால் நாற்றம் ஏறிவிட்டது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். ஒரு வருடம் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், நான்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கஞ்சி குடிச்சேன் மாமா.